மிதிக்க ஒரு கால்

ஸ்டூரே மறுபடியும் ஹாக்கி மட்டையைக் காருக்குள் நுழைக்கிறார். மட்டையின் ஒரு முனை பிரேக் பெடலில், மறுமுனை ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில். முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தி, பெடல் அமுங்கியபடியே நிற்க முட்டுக்கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, காரைச் சுற்றி முன்பக்கம் வருகிறார். திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்க்கிறார். எண்ணெய்க் கசிவு இல்லை, எதுவும் அசையவில்லை. திரும்பிப் போய் மட்டையை உருவுகிறார். இந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமைதோறும் எங்கள் பந்தயத் தடத்தில் நான் பார்த்த வேடிக்கை இதுதான்.

நான் மோனா. தடத்தின் வாசலில் காப்பியும் சாசேஜும் இலவங்கப்பட்டை பன்னும் விற்கிறேன். தடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். விமானப்படை கைவிட்டுப் போன பழைய ஓடுபாதை, சுற்றிலும் பைன் காடு, நடுவில் வளைத்து வளைத்துக் கோடு போட்ட தார். ஸ்டூரே தன் வண்டியை எப்போதும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார். அது என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பதால், வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் நான் அவரைத்தான் பார்த்தாக வேண்டும்.

அறுபதைத் தொடப்போகும் ஆள். வாரம் முழுவதும் நகரப் பேருந்து ஓட்டுகிறார். "திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒரு கிழவி கையில இருக்கிற காப்பி தளும்பாம நிறுத்தறேன். சனிக்கிழமை மட்டும் பல்லு ஆடற மாதிரி நிறுத்தணும், மோனா" என்பார். அப்படி நிறுத்துவதற்காகவே வாங்கிய கார், பழைய பெட்டி வடிவக் கார். பின்னிருக்கை, கம்பளம், கதவின் உள்மூடி, வானொலி, சூடேற்றி எல்லாவற்றையும் தன் கையாலேயே கழற்றி எறிந்து அதை இலேசாக்கினார். மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கழற்றிய ஒவ்வொரு துண்டையும் அதில் மாட்டித் தூக்கிப் பார்த்து முகம் மலருவார்.

"உன் தொப்பையை அதுல மாட்டிப் பாரேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"அது காரோட பாகம் இல்ல, டிரைவரோட பாகம்" என்றார், சிரிக்காமல்.

என்னிடம் ஒரு பன் வாங்குவார். அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைத் தின்பார். மறுபாதியைத் தட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார். நல்ல பன்னை இப்படி வீணாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சல் வரும். பிறகுதான் ஞாபகம் வரும், முன்பெல்லாம் அந்தப் பாதியைத் தின்றது பார்ப்ரூ என்று.

பார்ப்ரூ அவருடைய மனைவி. பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பார், மற்றவர் சக்கரத்தடியில் படுத்துச் சிறு திருகாணியைத் திறந்து மூடுவார். இங்கே எல்லாரும் ஜோடியாக வருவதே பாதி இதற்காகத்தான். கணவன் மனைவி, அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர். காலையில் திடல் முழுக்க மூன்று சொற்கள்தான் கேட்கும்: மிதி, பிடி, விடு. பார்ப்ரூ குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து கண்ணை எடுக்காமலே மிதிப்பாள். உயரம் குறைந்தவள் என்பதால் முதுகுக்கு ஒரு கட்டம்போட்ட தலையணை. சில சமயம் "விடு" என்று அவர் இரண்டு முறை கத்த வேண்டியிருக்கும், அவள் ஏதோ ஏழெழுத்துச் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பாள்.

மூன்று வசந்தத்துக்கு முன்னால் அவள் தையல் மெஷினை எடுத்துக்கொண்டு யோத்தபோரி நகரத்தில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். சண்டையா என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்ல. பேச்சு தீந்து போச்சு. அவ்வளவுதான்" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து இருக்கையையும் கழற்றினார். "ஆளே உக்காராத சீட்டு. பதினாலு கிலோவை எதுக்கு வெட்டியா சுமக்கணும்?" அதோடு நிற்கவில்லை. கேரேஜில் தனியாகக் கிடந்த இரவெல்லாம் இன்னும் எதைக் குறைக்கலாம் என்று தேடித் தேடி வெட்டியிருக்கிறார். எதை வெட்டினார் என்பது அவருக்கே முழுதாக நினைவில்லை.

அடுத்த பருவத்திலிருந்துதான் பிரேக் சரியில்லாமல் போனது. மிதித்தால் பெடல் பாதி தூரம் வெறுமனே உள்ளே போகிறது. கார் நிற்கிறது, ஆனால் சோம்பேறித்தனமாக நிற்கிறது. நேர்ப்பாதையின் முடிவில் மற்றவர்கள் கடைசி நொடி வரை பறக்கும்போது, இவர் வெகு முன்னதாகக் காட்டு ஓரத்திலேயே மிதிக்கத் தொடங்கிவிடுவார். சின்னப் பொடியன்களின் கார்கள்கூட முந்திப் போகும். இரண்டு முறை மணல் திட்டில் போய்ப் புதைந்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றினார். டிஸ்க்கை மாற்றினார். ஆயிலை மாற்றினார். காற்றழுத்தக் குப்பி ஒன்று வாங்கி, ஒற்றை ஆளாகவே குழாயிலிருந்து காற்று எடுத்தார். ரப்பர் குழாய்க்குப் பதில் இரும்புப் பின்னல் போட்ட குழாய். பிறகு, ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாயையே திருகாணி வைத்து அடைத்துவிட்டு மிதித்துப் பார்த்தார். அப்போதும் பெடல் அமுங்கியது. "அப்ப சக்கரத்துல கோளாறு இல்ல, மேலதான்" என்று சிலிண்டரை மாற்றினார். புதியதும் அப்படியே. அதையும் மாற்றினார்.

எங்கள் கிளப்பில் வண்டிகளைச் சோதித்து உள்ளே விடுபவர் பொர்யே. அவர் பொறுமையிழந்து ஒரு நாள் என் கடை வாசலிலேயே கேட்டுவிட்டார். "யோவ், யாரையாவது உள்ள உக்கார வெச்சு மிதிக்கச் சொல்லிட்டு, நீ முன்னாடி நின்னு பாரேன்யா."

"எல்லாருக்கும் அவங்கவங்க வண்டி இருக்கு" என்றார் ஸ்டூரே.

"சரி, போன்லயாவது படம் பிடி."

ஸ்டூரே தன் பொத்தான் போனை எடுத்துக் காட்டினார். பொர்யே தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் மக்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் இது. உதவி கேட்டால் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்காதவனிடம் போய் நிற்பதும் மரியாதை இல்லையாம். இப்படியே இந்தக் கோடையும் போனது. நானும்தான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, மழை. பொர்யே காலையிலேயே சொல்லிவிட்டார், இந்தப் பிரேக்கோடு தடத்துக்குள் விடமாட்டேன், அடுத்த ஆண்டும் விடமாட்டேன் என்று. ஸ்டூரே வாதாடவில்லை. "சாயங்காலம் டிரெய்லரைக் கொண்டு வா. எடுத்துக்கிட்டுப் போயிடு. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, உன் வண்டிக்கு ஆகும்" என்றார். பிறகு வழக்கம்போல என்னிடம் பன் வாங்கி, வழக்கம்போலப் பாதியை விட்டுப் போனார்.

கார் போனால் போகட்டும். ஆனால் கார் இல்லாமல் அவர் எதற்கு இங்கே வருவார்? பேருந்தில் ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று பலகை மாட்டியிருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை. "சனிக்கிழமை பேசினா அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தொண்டை தாங்கும்" என்று ஒருமுறை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதியத்துக்குமேல் பெரிதாக ஏதோ முறிகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். ஹாக்கி மட்டை இரண்டு துண்டாகிவிட்டது. கைக்கொரு துண்டாகப் பிடித்தபடி ஸ்டூரே மழையில் நிற்கிறார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாத நிற்பு. அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அவர் விட்டுப்போன பாதிப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு நேரே போய், கேட்காமலே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

"என்ன மோனா இது?"

"மிதிக்கறதுக்கு ஒரு கால் போதும்ல? எனக்கு ரெண்டு இருக்கு. போ முன்னாடி."

"கடை?"

"மழையில எவன் வரான்? போய்யா."

ஆனால் என் கால் பெடலை எட்டவில்லை. ஸ்டூரே பக்கத்தில் நிறுத்தியிருந்த தன் வேனுக்குப் போனார். அந்தக் கட்டம்போட்ட தலையணையைக் கொண்டுவந்து, என் முதுகுக்குப் பின்னால் எப்படி வைக்க வேண்டுமோ அப்படி வைத்தார். கிராம் கணக்கில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்த மனிதர் இதை எறியவில்லை.

"மிதி."

மிதித்தேன். பெடல் வெண்ணெயில் இறங்குவதுபோல் உள்ளே போனது.

"விடு. மறுபடி மிதி. விடு. மிதி." குரல் மாறியது. "அடக் கடவுளே! மோனா, சுவர் மூச்சு விடுது!"

இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரில்தான் அந்தச் சிலிண்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். நான் மிதிக்க மிதிக்க, அந்தத் தகடு பிஸ்கட் டப்பா மூடிபோல் முன்னால் உப்பி, சிலிண்டரும் அதோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. என் கால் பலமெல்லாம் தகட்டை வளைப்பதிலேயே போய்விட்டது, சக்கரத்துக்கு மிச்சம்தான் கிடைத்தது. மட்டை முட்டுக்கொடுத்திருந்தபோது தகடு உப்பியபடியே நின்றுவிட்டதால், அவர் சுற்றி வந்து பார்க்கும் நேரத்தில் அசைவதற்கு எதுவும் இருந்ததில்லை.

"இதுக்குப் பின்னாடி ஒரு தாங்கு பட்டை இருந்துச்சு. அந்தக் குளிர்காலத்துல நான்தான் வெட்டினேன்" என்றார். "ரெண்டு கிலோகூட இல்ல."

முறிந்த மட்டையின் துண்டை அறுத்து, சிலிண்டரின் மூக்குக்கும் முன்னால் இருந்த குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கினார். சோதித்துப் பார்க்க மட்டும்தான், வீட்டுக்குப் போய் நல்ல இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டுமாம்.

"மிதி."

மிதித்தேன். பெடல் கொஞ்சம் இறங்கிக் கல்லாக நின்றது.

"பிடி."

பிடித்தேன். பானெட்டின் அடி இடுக்கு வழியாக அவருடைய ஒரு கை மட்டும் தெரிந்தது. அது சிலிண்டரின் மேல் சும்மா கிடந்தது. தகடு அசையவில்லை என்பதை அவர் பார்த்து முடித்து வெகுநேரமாகிவிட்டது.

அப்போது பொர்யேயின் டிரெய்லர் கடகடவென்று திடலுக்குள் வந்தது. "என்ன ஸ்டூரே, ஏத்திடலாமா?"

ஸ்டூரே அந்தப் பக்கம் திரும்பவில்லை. சிலிண்டரின் மேல் கிடந்த கையை மட்டும் எடுத்து, எண்ணெய் படிந்த உள்ளங்கை பொர்யேக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். டிரெய்லர் நின்றது. கை இறங்கவில்லை, "விடு" என்ற சொல்லும் வரவில்லை. என் கால் மரத்துப்போகத் தொடங்கியது. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.