மாரிசெல்வியும் குடோன் சுவரும்

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் ரத வீதிகளில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் குறுக்குப் பாதையில் டப், டப் என்று ஒரு சத்தம். பூட்டிக் கிடந்த பஞ்சு குடோனின் சுவரில் ஒரு சிறுமி தனியாக டென்னிஸ் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

பெயர் மாரிசெல்வி, ஒன்பதாம் வகுப்பு. அப்பா கண்ணனுக்கு விசைத்தறியில் வேலை.

"சாமி பாக்கப் போகலியா?"

"அடுத்த வாரம் கோவில்பட்டில மேட்ச் இருக்கு. ஒண்ணாவது ஜெயிக்கலன்னா பேட்டு பரணுக்குப் போயிரும்னு அம்மா சொல்லிருக்கா" என்றாள், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அம்மா கோமதித்தாய் பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார். "அம்மன் ஒத்தக் கால்ல தவம் நின்னாலும் கடைசில சாமி வந்து காட்சி குடுத்தாரு. இவ செவுத்தப் பாத்து நிக்கா. அடுத்த வருசம் பத்தாப்பு. செவுரா வந்து பரீட்ச எழுதும்?"

மாரிசெல்வி அடுத்த பந்தை அடித்தாள்.

குடோனை ஒட்டி ஒரு சிமெண்ட் தரை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அங்கே கோடைதோறும் டென்னிஸ் முகாம் நடந்தது. முதலில் மெத்தென்ற சிவப்புப் பந்து, சின்ன பேட், முழங்கால் உயர வலை. கை பழகியதும் ஆரஞ்சுப் பந்து. கோடுகள் தள்ளிப் போயின. பிறகு பச்சை. கடைசியில் பெரியவர்கள் ஆடும் மஞ்சள். பந்தின் நிறம் மாற மாற ஆட்கள் குறைந்தார்கள். ஒருத்தன் டியூஷனுக்குப் போனான், ஒருத்தி புளியங்குடியில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். தென்காசியிலிருந்து வந்துகொண்டிருந்த பயிற்சியாளரும் நின்றுபோனார். மஞ்சள் பந்து வந்தபோது மாரிசெல்வி மட்டும்தான் இருந்தாள். கண்ணன் சுண்ணாம்பைக் கரைத்து, குடோன் சுவரில் வலை உயரத்துக்கு ஒரு கோடு இழுத்துக் கொடுத்தார்.

சுவர் களைக்காது, லீவு எடுக்காது. அவள் அடி சீரானது. பாளையங்கோட்டையில் முதல் போட்டி. பந்து போய்ப் போய் வந்ததைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆனாலும் தோற்றாள். கை குலுக்கும்போது எதிரே ஆடிய ஜெனிலா கேட்டாள்:

"ஏட்டி, ஏன் என் கைக்கே அடிக்கே? நான் எங்கன போனாலும் பந்து பின்னாலயே வருது. அம்புட்டுப் பாசமா?"

"எனக்கு அப்படித்தான் வருது."

"யாரு கூடப் பழகுத?"

"செவுரு."

ஜெனிலா சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு ஊர் வரை கூட வந்தது. காரணம் வீட்டுக்கு வந்தபின்தான் புரிந்தது. சுவரின் ஓரத்தில் அடித்தால் பந்து எங்கோ தெறித்துவிடும். எடுத்து வர ஆளில்லை. அதனால் திரும்பி வரும்படி அடிக்கத்தான் அவள் கை பழகியிருந்தது.

இப்போது சுவரில் சாக்பீஸால் ஒரு பெண்ணை வரைந்து வைத்திருந்தாள், பேட்டும் ரிப்பனுமாக. அவளிடம் போகாமல் ஓரத்தில் அடிக்க வேண்டும். பந்து உடைமுள் புதருக்குள் ஓடியது. போய் எடுத்து வந்தாள். மறுபடியும் அடித்தாள். கொஞ்ச நேரம் அடிப்பதும் நிறைய நேரம் பந்துக்குப் பின்னால் நடப்பதுமாகப் பொழுது போனது.

கோவில்பட்டிக்கு நானும் போனேன். முதல் ஆட்டம் கடைசிவரை இழுபறி. எதிராளி இடது மூலைக்கு இழுபட்டு நின்றாள். மாரிசெல்வி வலது மூலையில் அடித்தாள். பந்து வெறும் தரையில் குத்தி, கம்பி வேலியில் போய் விழுந்தது. அதை எடுக்க இரண்டு எட்டு ஓடிவிட்டாள். பிறகுதான் நின்றாள். ஆட்டம் முடிந்திருந்தது, அவள் ஜெயித்திருந்தாள்.

சுற்றிலும் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் கும்பல் கும்பலாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணனுக்குத் தறியில் ஷிப்ட், போன் எடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் தோற்று, பஸ் ஏறினாள்.

பிறகு ஒருநாள் கோமதித்தாயிடம் போனில் பேசினேன்.

"பேட்ட பரண்ல போடலங்க. சொன்னா சொன்னதுதான" என்றார். "ஆனா ஜெயிச்சு என்னத்துக்கு? கூட வெளாட ஒரு புள்ள இல்ல."

"இப்ப எங்க இருக்கா?"

"மழ பேஞ்சு அந்தப் பொம்மப்புள்ள அழிஞ்சிட்டுன்னு, திரும்ப வரையப் போயிருக்கா."