பெட்டியின் மேல் ஒரு துண்டு

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர். கள்ளக்குறிச்சியில் சென்னை பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசும்போதெல்லாம் துண்டால் வாயை மூடிக்கொள்வார். என் மடியில் சின்ன ஐஸ் பெட்டி.

"பொட்டில இன்னா சார்? தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே வரீங்க."

"என் பொண்ணோட கடவாப்பல்லு. காலையிலதான் எடுத்தாங்க."

துண்டுக்குள் சிரித்தார். "என் பல்லு அத்தினியும் போச்சு. ஒண்ணுக்குக்கூட பொட்டி வெக்கல சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வயதில் ஈறு நோய் அவள் தாடை எலும்பை அரித்துவிட்டது. இந்தப் பல்லுக்குள் இருக்கும் உயிரணுக்களை வளர்த்து வைத்தால் எலும்பும் ஈறும் மறுபடி வளரலாம், ஆனால் இது சோதனை முயற்சிதான் என்றார் டாக்டர். சூடு படாமல் இன்றே சென்னை ஆய்வுக்கூடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உள்ள உசுரு இருக்குதா?"

"இருக்குது."

ஜன்னல் வெயில் பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து துண்டை எடுத்து, நான்காக மடித்து, பெட்டியின் மேல் போர்த்தினார். பல்லில்லாமல் ஒடுங்கிப்போன வாய். உடனே வாயை இறுக மூடிக்கொண்டார்.

எலவனாசூர்கோட்டையில் அவர் இறங்கும்போது துண்டை நீட்டினேன். உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, "இருக்கட்டும் சார், வெயிலு இன்னும் கெடக்குது" என்றார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுக்கிறேன். துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். அன்று முழுக்க அவர் கையால் வாயை மூடிக்கொண்டேதான் பேசியிருப்பார்.