ஓரெஸ்டின் கைராசி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பூச்செடி நடுவதற்கு யாரும் வானிலை அறிக்கையை நம்புவதில்லை. ஓரெஸ்டைத்தான் நம்புவோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். மே மாதம் அவர் பெட்டூனியா நட்டால் மறுநாளே உறைபனி விழுந்து அத்தனையும் கருகிவிடும். அந்த வருடத்தின் கடைசி உறைபனி அதுதான். அதன்பிறகு நாங்கள் நிம்மதியாக நடுவோம். இருபத்தாறு வருடமாகப் பிசகியதில்லை.

இந்த வருடம் அவர் செடிகள் சாகவில்லை. ஜூன் பிறந்ததும் பூத்துக் குலுங்கின. எங்கள் நாற்றுகளோ ஜன்னலோரத்தில் வெளிறிக் கிடந்தன. எதிர்வீட்டு வில்மா சண்டைக்கே போய்விட்டாள்.

"ஏன் ஓரெஸ்ட், உனக்கு மனசாட்சியே இல்லையா? தெருவே காத்துக் கிடக்கு, நீ பாட்டுக்குப் பூக்க விட்டுட்டு நிக்கிற!"

"நான் என்னம்மா பண்றது? தண்ணிகூட ஊத்தல. அதுவா வளருது."

இருந்தாலும் மனம் கேட்கவில்லை அவருக்கு. ஒரு செடியைப் பிடுங்கி, ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்தார். மறுநாள் அது கறுத்துத் துவண்டதும் வேலியில் தொங்கவிட்டார்.

"ஃப்ரீசர்ல வச்சதுதான்" என்று அவரே சொன்னார்.

"அதனால என்ன? செத்திருச்சுல்ல!" என்றாள் வில்மா.

சாயங்காலத்துக்குள் தெருவே நட்டு முடித்தது.

காலையில் பார்த்தால் உறைபனி. எங்கள் செடிகள் மொத்தமும் போச்சு. ஓரெஸ்ட் மட்டும் தன் பாத்தியிலிருந்து போர்வையை உருவிக்கொண்டிருந்தார்.

"பனி வரும்னு உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டோம்.

"நேத்து ரேடியோல சொன்னாங்க."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மட்டும் ரேடியோவ நம்பிடப் போறீங்களாக்கும்!"