பத்தரை மணிக் கையெழுத்து

திரேஸ்புரம் ரெக்சனுக்குக் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஆனால் கோர்ட்டில் தொழில் என்னவென்று கேட்டபோது, "மூட்டை தூக்குதேன்யா" என்று சொல்லிவிட்டான். தடை செய்யப்பட்ட கடலட்டையை வள்ளத்தில் வைத்திருந்ததாக வழக்கு. கரையில் சோதனை வந்ததும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். வள்ளத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த இவன் அகப்பட்டான். சுமை இறக்க வந்தவன் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினான்.

ஜாமீன் கிடைத்தது. ஆனால் தினமும் காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சங்கு வள்ளங்களோ விடியலில் போய் மதியத்துக்கு மேல்தான் திரும்பும். மூட்டை தூக்கப் போனால், சுமை தூக்குவோர் சங்கத்து ஆட்கள் வெளியாளைச் சேர்க்கவில்லை. பாதி வேலையில் கிளம்புகிறவன் வேண்டாமென்று கொத்தனாரும் அனுப்பிவிட்டார்.

"சாயங்காலம் வந்து போடட்டுமாய்யா?" என்று ஏட்டிடம் கேட்டான்.

"ஏலே, கோர்ட்டு சொன்ன நேரத்த நான் மாத்துனா, நாளைக்கு உன் பக்கத்துல நின்னு நானும் கையெழுத்துப் போடணும்."

இலவச சட்ட உதவி வக்கீல் செண்பகம் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "மூட்டை தூக்குறவனுக்குப் பத்தரை மணியால என்ன கஷ்டம்னு கேப்பாங்க. சங்கு குளிக்கிறவன்னு இப்ப மனு போட்டா, அட்டையை எடுத்ததும் நீதான்னு அரசு வக்கீல் சொல்லுவாரு. எதைப்பா எழுதட்டும்?"

மனு போடாமலே அவன் திரும்பி வந்தான்.

மனைவி ஜெபசுதா அரிசி கேட்டுப் போன வீடுகளில் இப்போது கதவு திறப்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை நம்பியிருந்தார்கள். ஞாயிறு அவர்களுக்குப் பயமான நாளாயிற்று.

வாரக்கணக்கில் கலங்கிக் கிடந்த கடல் ஒருநாள் தெளிந்தது. ரெக்சன் விடியுமுன் கரைக்கு வந்து வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தான். பின்னாலேயே ஜெபசுதா வந்தாள்.

"இறங்குங்க. கையெழுத்துப் போடாம நீங்க உள்ள போயிட்டா, புள்ளைகளுக்கு இதுவும் இல்ல."

"இப்ப மட்டும் என்ன இருக்கு?"

அவள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வள்ளத்துக்காரர் இனிகோ பொறுத்துப் பார்த்தார். "ரெக்சா, வாரதுன்னா இரு, இல்லன்னா இறங்கு. உனக்குப் பதிலா ஏற கிருபை நிக்கான்."

ரெக்சன் இறங்கினான். கிருபை ஏறினான், அவனிடம் மூழ்கும்போது போடும் முகக் கண்ணாடி இல்லை. ரெக்சன் தன்னுடையதைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினான்.

"கண்ணாடிக்குப் பங்கா ஒரு சங்காவது போடுங்கண்ணே."

இனிகோ தலையாட்டினாரா, இல்லை என்ஜினைக் குனிந்து பார்த்தாரா என்று தெரியவில்லை. வள்ளம் கிளம்பிவிட்டது.