கரண்ட் போன பிறகு ஒலிப்பதிவு

என் மைக்கின் முன்னால் இன்றும் ஓர் எம்பிராய்டரி வளையம் நிற்கிறது. மூங்கிலில் செய்தது. திருகாணி துருப்பிடித்துவிட்டது. அதில் இழுத்துக் கட்டியிருப்பது என் பழைய கறுப்பு நைலான் துப்பட்டாவின் ஒரு துண்டு. ‘ப’ என்று அழுத்திச் சொன்னால் வாய்க்காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று கேட்கும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இதற்கென்றே செய்த வடிகட்டி கடையில் கிடைக்கிறது. இப்போது என்னால் வாங்க முடியும். வாங்கவில்லை. வளையம் என் அண்ணன் மனைவியுடையது. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவளை மைனி என்று கூப்பிடுவேன். தலையணை உறையில் ஒரு பூவைப் பாதி தைத்திருந்தவள், நான் கேட்டதும் துணியைக் கழற்றிவிட்டு வளையத்தைக் கொடுத்தாள். “பூவ எப்ப வேணும்னாலும் தைக்கலாம்” என்றாள். அந்தப் பூ இன்றைக்கும் பாதியில்தான் இருக்கிறது.

மின்னணுப் பொறியியல் முடித்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பிய வருடங்களில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்குப் போ, பெங்களூருக்குப் போ என்று சொந்தக்காரர்கள் வழி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் கோட்டாற்றில் எங்கள் வீட்டுப் பக்கத்து அறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கினேன். இருந்தவை: கல்லூரிக் காலத்து மடிக்கணினி, இரண்டாம் கையாக வாங்கிய மைக், அதைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டி, தலை உடைந்த மேசை விசிறியின் தண்டில் செய்த ஸ்டாண்டு, சுவரோடு சாத்திய பஞ்சு மெத்தைகள். இல்லாதது ஒன்றுதான், அமைதி. சுவரோடு சுவர் ஒட்டிய தெரு அது. பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் நேரம் தவறாதவை. அவற்றைத் தள்ளி வேலையை வைத்துக்கொள்ளலாம். மிக்சியையும் தண்ணீர் மோட்டாரையும் எதிர்வீட்டு டிவி தொடரையும் அப்படித் தள்ளிவைக்க முடியாது.

ஆனால் கரண்ட் போனால் அத்தனையும் ஒரே நொடியில் அடங்கும். மடிக்கணினி பேட்டரியில் ஓடும், மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதுவே கொடுத்துவிடும். ஊரே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்தேன். காற்றில்லாத அறையில் வியர்வை சொட்டும். சொட்டட்டும் என்று இருந்தேன். பணம் போட்டு அமைதியை வாங்க முடியாதவள், அது இலவசமாகக் கிடைக்கும் நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டேன்.

வேலை கொண்டுவந்தவர் மைக் செட் அண்ணாச்சி. துணிக்கடைத் தள்ளுபடி, திருவிழாக் கொடியேற்று, கண் சிகிச்சை முகாம், மாடு காணவில்லை என்று எல்லாவற்றையும் அவர் குரலிலேயே பதிவுசெய்து கொடுப்பேன். அவருடைய ஆட்டோ கீரிப்பாறை எஸ்டேட்டிலிருந்து கடற்கரை ஊர்கள் வரை அதைப் பாடிக்கொண்டே போகும். ஒருநாள் பெண் குரல் வேண்டும் என்றார். நான் வாசித்தேன். பரீட்சை முடிவை அறிவிப்பது போலிருந்தது. வாசலில் முறத்தோடு நின்ற மைனி, “இப்பிடிக் கூப்பிட்டா கடைக்கு எவ வருவா?” என்று சொல்லிவிட்டு அதே வரியைச் சொல்லிக்காட்டினாள்.

அண்ணன் வளைகுடாவில் இருந்தான். கல்யாணமான பிறகு மைனி அவனை நேரில் பார்த்ததைவிடப் போனில் கேட்டதுதான் அதிகம். எங்கள் வீட்டில் அவள் மெதுவாகப் பேசியே பழகியவள். மைக் முன்னால்தான் அவளுடைய முழுக்குரலையும் நான் முதன்முதலாகக் கேட்டேன். மார்த்தாண்டத்துக்காரி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை லேசாக மேலே தூக்கி விடுவாள். கேட்டவர்களுக்கு அடுத்த வரியையும் கேட்கத் தோன்றும். வேலைக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “யாரு சத்தம்னு ஒரு குஞ்சுக்கும் தெரியப்பிடாது. தெரிஞ்சா அன்னைக்கோட நிறுத்திருவேன்.” ஆட்டோவின் கூம்பு ஒலிபெருக்கி எந்தக் குரலையும் தகரமாக்கிவிடும், யாருக்கும் அடையாளம் தெரியாது என்று உறுதி சொன்னேன். அது சரியாகத்தான் இருந்தது. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு மாலை, கரண்ட் போனதும், முன்பும் ஒருமுறை பேசிய ஜவுளிக்கடை விளம்பரத்தைத் தொடங்கினோம். “பட்டுப் புடவைகள், பருத்திப் புடவைகள்” என்ற இடத்தில் மைனிக்கு நாக்கு பிறழ்ந்தது, அடுத்த சொல்லை விட்டுவிட்டுப் போனாள். மறுபடி தொடங்கினாள், மறுபடியும் அப்படியே. அடுத்த தடவை சிரித்தேவிட்டாள். நான் நிறுத்தினேன். அந்த அமைதியில் சாத்தியிருந்த சன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

“அதுக்கு அடுத்தாப்புல பாவாடை தாவணி வரும் மக்கா. அத ரெண்டு மட்டமும் விட்டுட்ட.”

எதிர்வீட்டுச் சித்தி. சன்னலைத் திறந்தேன். விசிறியும் கையுமாக அக்கம்பக்கத்தார் எங்கள் படியிலும் எதிர்ப்படியிலும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னத்துக்கு நிறுத்திட்டிய? கண்ணு முகாம் நல்லா இருந்துச்சி” என்றார் ஒருவர்.

“அந்தக் காணாமப் போன பசு கெடச்சிதா மைனி?” என்று இன்னொருத்தி கேட்டாள்.

மெத்தை, அறைக்குள் எழும் எதிரொலியைக் குடிக்கும். வெளியே போகும் சத்தத்தை நிறுத்தாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். இது பாலபாடம், எனக்குத் தெரியும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன். கரண்ட் போன தெருவில் கேட்பதற்கு வேறொன்றும் இல்லாமல் ஒரு தெருவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பது என் கணக்கில் இல்லை. மைனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “முடிஞ்சிது மக்கா” என்றாள். “இனி ஒங்க அண்ணன் காதுக்குப் போவும்.”

போயிற்று. தெருவில் யாரோ வளைகுடாவிலிருக்கும் தன் மகனிடம் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கூப்பிட்டான். அம்மா பேசிவிட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“வீட்டுப் பொம்பள சத்தத்த ஆட்டோல ஏத்தி ஊர்கோலம் விடுதியளா? நாளைக்கே நிறுத்தணும்.”

மைனி போனைக் கையில் எடுத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். மைக் முன்னால் பேசும் அந்த முழுக்குரலில் பேசினாள்.

“நானும் வருசம் முழுக்க ஒங்க சத்தத்தோடதான் குடும்பம் நடத்துதேன். ஆள் இல்லாத சத்தம் எனக்குப் போதும்னா, எஞ்சத்தம் நாலு பேரு காதுல விழுந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சி போச்சி?”

“கரண்ட் வந்தாச்சா?” என்று அண்ணன் கேட்டான். சம்மதம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நிறுத்து என்றும் சொல்லவில்லை.

அம்மா விடுவதாக இல்லை. மறுநாள் காலையில், வெயிலில் போட வேண்டும் என்று மெத்தைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். மாலையானது, அவை திரும்பி வரவில்லை. எதிரொலிக்கும் வெறும் அறையில் நான் நின்றுகொண்டிருந்தபோது மைனி தன் பீரோவைத் திறந்தாள். கல்யாணப் பட்டு, நிச்சயதார்த்தப் பட்டு, கல்யாணத்துக்குப் பின் வீடு காணும் சடங்கில் கிடைத்தவை என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்தாள். கயிறு கட்டி மூன்று பக்கமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாள். “உள்ள கெடந்தா பூச்சிதான் திங்கும். இங்க ஒரு வேலை செய்யட்டும்” என்றாள். மடிப்புத் துணி உண்மையிலேயே எதிரொலியை நன்றாகக் குடிக்கும். மெத்தையைவிட மோசமில்லை. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பட்டுப் புடவைகளைப் பார்த்தாளா, நடுவில் நின்ற மருமகளைப் பார்த்தாளா தெரியாது. மெத்தையைப் பற்றி அதன்பின் பேச்சே எடுக்கவில்லை.

அன்று கரண்ட் போனதும் மைனி சன்னலைச் சாத்த விடவில்லை. நாய் குரைத்தால் பதிவு கெடும் என்றேன். “கெட்டா இன்னொரு மட்டம் பேசுவேன். ஒளிஞ்சி பேசமாட்டேன்” என்றாள். தெரு மூச்சு விடாமல் கேட்டது. பாவாடை தாவணி இந்தத் தடவை தவறவில்லை.

சில வருடங்களில் குடும்ப விசா கிடைத்து மைனி வளைகுடாவுக்கு, அண்ணனிடம் போனாள். நான் பேசும் ஆட்களை மாற்றி மாற்றி வேலையைத் தொடர்கிறேன். கருவிகள் நல்லவையாகிவிட்டன. மின்வெட்டு குறைந்துவிட்டது, எப்போதாவது போனாலும் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். டிவி ஒரு கணம்கூட அணைவதில்லை. இருப்பதிலேயே எனக்கு இப்போது விலை அதிகமான பொருள் அமைதிதான்.

சென்ற விடுமுறையில் மைனி வந்திருந்தாள். அறைக்குள் நுழைந்து வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். “கரண்ட் எப்ப போவும்?” என்றாள்.

“இப்பம் போறதில்ல மைனி.”

மைனி சன்னலைத் திறந்து எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“சித்தி, அந்த டிவிய நிறுத்துங்க. நான் பேசப் போறேன்.”

“எந்தக் கடைக்கு மக்கா?”

“கேட்டுட்டுச் சொல்லுங்க.”

டிவி நின்றது. பக்கத்து வீட்டில் மிக்சி நின்றது. “ஏலே, அந்த மோட்டார அணை” என்று யாரோ சொல்வது கேட்டது. அதுவும் நின்றது. மைனி மூங்கில் வளையத்தைத் தன் வாய்க்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டாள். சன்னலைச் சாத்தவா என்று நான் கேட்கவில்லை. பதிவை ஓடவிட்டேன்.