மழை தின்ற பதினாறு பக்கங்கள்

இது நடந்தது போன வருடம், செம்பனைப் பழம் வந்து குவிகிற மாதத்தில். கெடா மாநிலத்தில், பாடாங் மேஹா பக்கத்தில், அதைப் பிழிந்து பாமாயில் எடுக்கும் ஓர் எண்ணெய் ஆலையில் எனக்கு வேலை. வாசலில் இருக்கிற எடைமேடைதான் என் இடம். பழம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும், நிறுப்பேன். பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்பி வரும், மறுபடியும் நிறுப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தின் எடை. சில டிரைவர்கள் அவசரம் என்று, வெறும் லாரியை நிறுக்காமலே சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சுவார்கள். இருபது வருடத்தில் ஒருவருக்கும் நான் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் நான் புத்தகம் படிப்பேன். துப்பறியும் கதை என்றால் எனக்கு உயிர். என்னைப் போன்ற கிறுக்குகள் கெடாவில் நிறையப் பேர் உண்டு. அறுபது பேர் சேர்ந்து கைப்பேசியில் ஒரு புலனக் குழு, அதாவது வாட்ஸ்அப் குழு, வைத்திருக்கிறோம். படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுத வேண்டும். கொலையாளி யார் என்று மட்டும் மூச்சு விடக் கூடாது. தமிழ்ப் புத்தகம் இங்கே நினைத்த நேரத்தில் கிடைக்காது என்பதால், ஒருவர் வாங்கியதைச் சுற்றில் விட்டுப் படிப்போம். ஆளுக்கு இரண்டு வாரம். முன்னட்டையின் உள்பக்கத்தில் யாருக்குப் பிறகு யார் என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர் யாராவது புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

இந்தக் குழுவில் நான் கொஞ்சம் பெரிய ஆள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். அக்கா எத்தனை போட்டாங்க என்று கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் பட்டியலில் பெயர் கொடுப்பார்கள். ஆலையில் மேனேஜர்கூட என் பேச்சை அவ்வளவு மதித்ததில்லை. தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

யான் என்கிற ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் குழுவில் இருந்தார். நேரில் பார்த்ததில்லை. வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு சின்னவர். அதிகம் எழுத மாட்டார், மற்றவர்கள் எழுதுவதற்கெல்லாம் ஒரு நன்றி மட்டும் போடுவார். அவர் முதல் தடவையாக ஒரு புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டார். தனக்கு மிகவும் பிடித்த கதை என்றும், எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசை என்றும் எழுதியிருந்தார். எட்டுப் பேர் பெயர் கொடுத்தோம். நான் நான்காவது.

கதையில், ரயில் நிற்கிற ஒரு சின்ன ஊர். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் செத்துக் கிடக்கிறார். ஐந்து பேர் மேல் சந்தேகம். ஐம்பதாவது பக்கத்திலேயே நான் முடிவு கட்டிவிட்டேன், செத்தவரின் மைத்துனர்தான் என்று. ஆள் அடிக்கடி காணாமல் போகிறார், எங்கே போனாய் என்று கேட்டால் மழுப்புகிறார். வேறு யாராக இருக்க முடியும்? அன்றைக்கே குழுவில், 'யார்னு கண்டுபிடிச்சாச்சுலா' என்று பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஆலையில் வேலை குவிந்தது. லாரி வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் வரிசையில் நின்றது. வீட்டுக்குப் போனால் சோறு தின்னவே கை தூக்க முடியவில்லை. இருநூறாவது பக்கத்தில் நின்றவள் நின்றவள்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தது. இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டிருந்தால் யாரும் மாட்டேன் என்றிருக்க மாட்டார்கள். ஆனால் ஐம்பதாவது பக்கத்திலேயே கண்டுபிடித்தவள் எப்படிப் போய்க் கேட்பது? இனிமேல் என்ன இருக்கிறது, மைத்துனர் மாட்டப்போகிறார், அவ்வளவுதானே என்று நானே கதையை முடித்துக்கொண்டேன். கொலையாளி சரியான பச்சோந்தி, யார் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும், முடிவு சப்பென்று இருக்கிறது என்று எழுதினேன். பத்துக்கு நான்கு போட்டேன்.

துப்பறியும் கதை படிக்கிறவர்களில் கடைசிப் பக்கத்தை முதலிலேயே புரட்டிப் பார்க்கிற ஒரு கூட்டம் உண்டு. எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. அந்த ஒரு நல்ல பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

'படிச்சதுக்கு நன்றிக்கா' என்று மட்டும் எழுதினார் யான் தம்பி. அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் பின்னால் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். மிச்சம் நின்றது கோலா கெத்திலில் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி மட்டும்தான். என் கணவர் அந்தப் பக்கம் போனபோது புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம், லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றபோது கைப்பேசி விடாமல் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். கோலா கெத்தில் தங்கச்சி குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். அந்தப் புத்தகத்தின் பின்னட்டை. அதன் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் யான் தம்பியின் கையெழுத்து.

'இதுக்கு மேல பதினாறு பக்கம் இல்லை. கடைக்கூரை ஒழுகி மழை தின்னுருச்சு, மன்னிச்சுக்குங்க. ஆனா கதை என் மனசுல இருக்கு. கீழ இருக்கிற நம்பருக்கு மூணு மணிக்கு மேல கூப்பிடுங்க, மிச்சத்த நான் சொல்றேன். குழுவுல இதச் சொல்லிராதீங்க, அடுத்து வர்றவங்களுக்கும் இங்க வந்து தெரியட்டும்.'

படத்துக்குக் கீழே தங்கச்சி எழுதியிருந்தாள். பட்டியலில் தான்தான் கடைசி ஆள் என்பதால் ரகசியத்தை உடைக்கிறாளாம். நேற்றுத் தம்பியைக் கூப்பிட்டாளாம். அவர் சொல்லச் சொல்லக் கவுண்டரில் உட்கார்ந்து அழுதாளாம். இப்படி ஒரு முடிவைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லையாம். அவ்வளவுதான், எனக்கு முன்னால் படித்த மூன்று பேரும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். நானும் கூப்பிட்டேன், நானும் கேட்டேன் என்று ஒரே கொண்டாட்டம். அதில் பீடோங்கில் இருக்கும் ஓர் அண்ணன் வேடிக்கையாகக் கேட்டார், 'அக்கா, தம்பி வாயால கேட்டுமா நாலு மார்க்கு?'

அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார். எனக்குத்தான் விஷயம் அப்போது உறைத்தது. அந்தப் புத்தகத்தை முடித்தவர் யாராக இருந்தாலும் தம்பியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும். நான் மார்க் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையே அவருக்குத் தெரிந்திருக்கும். மேடையில் நின்ற லாரி ஹாரன் அடித்தது. என் கண்ணெல்லாம் திரையில்தான். யான் தம்பி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. எழுதினார், நிறுத்தினார், மறுபடி எழுதினார். போச்சு, அறுபது பேருக்கு முன்னால் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன். கைப்பேசி கெட்டுப்போயிருந்தது என்று சொல்லலாமா, சத்தமில்லாமல் குழுவைவிட்டு வெளியேறிவிடலாமா என்றெல்லாம் புத்தி ஓடியது.

அவர் எழுதியது வந்தது.

'அண்ணே, அது என் தப்பு. அக்காவுக்குச் சொல்லும்போது கடையில சரியான கூட்டம். அவசரத்துல முடிவச் சொதப்பிட்டேன். அப்படிக் கேட்டா யாரா இருந்தாலும் நாலுதான் போடுவாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு மேல மறுபடியும் சொல்றதா இருக்கேன்.'

நான் இரண்டு தடவை படித்தேன். கதை சொன்னதற்காக எல்லோரும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில்தான் அவர் தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதினார். அவர் ஆசையாக அனுப்பிய புத்தகத்தைப் பட்டியலோடு சாய்த்தவள் நான். கூனிக்குறுகிப் போனேன். அந்த லாரிக்குச் சீட்டு எழுதும்போது எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன், டிரைவர்தான் திருத்தினார்.

மூன்று மணி அடித்துப் பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

ம் என்றேன்.

"குழுவுல பொய் சொல்லிட்டேன்கா. மறுபடி சொல்றேன்னு வேற எழுதிட்டேன். அத மட்டுமாவது உண்மையாக்கிருவோம். லாரி இருக்கா, இப்ப பேசலாமா?"

"தம்பி, நான் இருநூறாவது பக்கத்தோட நிறுத்திட்டேன்யா."

"தெரியும்கா" என்றார். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. "அப்ப இருநூறுல இருந்தே ஆரம்பிக்கிறேன்."

முக்கால் மணி நேரம் சொன்னார். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், ஒரு கதையை இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. பின்னால் தட்டு கழுவுகிற சத்தம். நடுவில் யாரோ தே தாரே என்று நுரை பொங்க ஆற்றிய டீ கேட்டார்கள். 'கெஜாப், பாங்' என்று அவருக்கு மலாயில் பொறுக்கச் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் ஒரு சொல் பிசகாமல் பிடித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் கதவைத் திறக்கிற இடத்தில் குரலை அப்படியே இறக்கினார். கழுவுகிற சத்தமும் நின்றுவிட்டது. கடையில் வேலை செய்கிறவர்களும் கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நடுவில் மூன்று லாரிகளை எடை போட்டு அனுப்பினேன். அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் காத்திருந்தார்.

கொலையாளி யார் என்று இங்கேயும் சொல்ல மாட்டேன், விதி விதிதான். மைத்துனர் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். செத்தவரின் பெண் குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்து, வெளியில் சொல்ல முடியாமல், யாருக்கும் தெரியாமல் அந்தக் குழந்தைக்குக் காவல் நின்றவர் அவர். அதற்காகத்தான் அடிக்கடி காணாமல் போனார். கதை முழுக்க ஒரே நல்ல மனுசன் அவர்தான். அவரைத்தான் ஐம்பதாவது பக்கத்தில் தூக்கில் போட்டுவிட்டு, பச்சோந்தி என்று ஊரறிய எழுதியிருந்தேன். தம்பி சொல்லி முடித்தபோது, கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற டிரைவர், "ஏன்கா அழுவுறீங்க?" என்று கேட்டார். தூசி என்றேன்.

தம்பி சொன்ன பொய்க்குப் பின்னால் நான் நிம்மதியாக ஒளிந்துகொண்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி களையும்போது, அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்த மனிதர் சொல்லத் தெரியாதவராகக் குழுவில் கிடக்கிறாரே என்பது மனதைப் பிசைந்துகொண்டே இருந்தது. கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், 'தம்பி ஒன்றும் சொதப்பவில்லை. நான் அவரைக் கூப்பிடவே இல்லை. புத்தகத்தை முடிக்காமல் மார்க் போட்டேன். வெறும் லாரியை நிறுக்காமல் சீட்டு எழுதிவிட்டேன். இன்றைக்குத்தான் கதையைக் கேட்டேன், அந்த முடிவுக்குப் பத்துக்குப் பத்து' என்று போட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் அனுப்பினேன்.

முதலில் வந்தது யான் தம்பிதான். 'ஏன்கா, கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னேன், அதையும் வீணாக்கிட்டீங்களே' என்று எழுதினார். பீடோங் அண்ணன் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். மறுநாளைக்குள் பெயரை எடுத்த மூன்று பேரும் திரும்பிச் சேர்ந்தார்கள், புதிதாக ஆறு பேர் வேறு. படத்தைப் பார்த்துவிட்டதால் யாருக்கும் பின்னட்டையில் ஆச்சரியம் மிச்சமில்லை, ஆனால் எல்லோருக்கும் தம்பி வாயால் கேட்க வேண்டுமாம். இரண்டு பேர் எனக்குத் தனியாக எழுதினார்கள். அவர்களும் முடிக்காத புத்தகத்துக்கு எழுதியிருக்கிறார்களாம். எந்தப் புத்தகம் என்று கேட்டேன், சொல்லவில்லை.

மார்க் போடுவதை நான் விட்டுவிடவில்லை, அந்தப் புத்தி எனக்குப் போகாது. ஆனால் இப்போதெல்லாம் எத்தனை பக்கம் படித்தேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். அந்தப் புத்தகம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னட்டைத் தாளில் தம்பியின் கையெழுத்துக்குக் கீழே, அவரிடம் கேட்டுவிட்டு, நானும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'தம்பி கடையில் கூட்டமாக இருந்தால் பாடாங் மேஹா அக்காவைக் கூப்பிடலாம்.' அதற்குப் பக்கத்தில் என் நம்பர்.

போன வாரம் கூலிமிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கடைசிப் பக்கத்தை முதலிலேயே புரட்டுகிற ரகம். அவசரமாக ஊருக்குப் போகிறாளாம், புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டுமாம். "அக்கா, நான் நூத்தி எண்பது பக்கந்தான் படிச்சிருக்கேன், பரவால்லையா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப நூத்தி எண்பதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்" என்றேன். அந்தத் தம்பியைப் போல எனக்குச் சொல்ல வராது. ஆனாலும் அந்த ஒரு வரியைச் சொல்லும்போதெல்லாம், அவர் மட்டும் அன்றைக்கு உண்மையை எழுதியிருந்தால் நான் குழுவையும் விட்டு, புத்தகங்களையும் விட்டுப் போயிருப்பேன் என்பது எனக்கு நினைவுக்கு வருகிறது.