பூனைக்குக் கொடுத்த பூண்டுப்பால்

பூனை சாப்பிடாமல் மூன்றாம் நாள் ஆனபோது அம்மாவுக்கு போன் செய்தேன். கொடைக்கானலில் நான் இருப்பது ஒற்றை அறை. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன பூனை அது. பள்ளி விட்டு நான் படியேறும் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் கத்தும். இந்த ஊரில் என் காலடியை அறிந்தது அது ஒன்றுதான். இப்போது கத்துவதில்லை. அவித்த மத்தி மீனைத் தட்டில் வைத்தபோதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வைக்குள் சுருண்டுகொண்டது.

"பூண்டை நசுக்கிப் பால்ல காச்சிக் குடு ஆத்தா. வெரசா எந்திரிச்சிரும்," என்றாள் அம்மா.

சொந்த ஊரான கவுஞ்சியில், எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பூண்டுப்பால்தான். சளிக்கு, வயிற்று வலிக்கு, கன்றுக்குட்டியின் கழிச்சலுக்கு. நான் கல்லூரிக்குக் கிளம்பிய அன்றும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வாராவாரம் அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்பும் பையில் காய்கறியோடு பூண்டும் இருக்கும். அதை எடுத்து நசுக்கும்போது நான் எதையும் யோசிக்கவில்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சில் பாலை எடுத்து, பூனையின் வாயோரம் வைத்து, இரண்டு நாள் புகட்டினேன்.

அடுத்த நாள் காலை அதனால் நிற்க முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு, கூடையில் துண்டு விரித்து, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என்ன வேலை செய்கிறேன் என்று டாக்டர் கேட்டார். விலங்கியல் எம்.எஸ்சி., பள்ளியில் ஆசிரியை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

"அப்ப உங்களுக்கு நான் வெளக்கவே வேணாம்," என்று சிரித்தார். "சளி பிடிச்சு மூக்கு அடைச்சுக் கெடக்கு. வாசனை தெரியலன்னா பூனை திங்காதுங்க. மீனை வெதுவெதுப்பா வச்சுப் பாருங்க." பிறகு அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஈறு ஏன் இப்படி வெளுத்திருக்கு? வெங்காயம், பூண்டு எதுவும் குடுத்தீங்களா? பூனைக்கு அது விஷம். ரத்தத்தையே கெடுத்துரும்."

"இல்ல சார். பால் மட்டும்தான்."

ஒரு ஊசி போட்டு அனுப்பினார். சாலைக்கு வந்தேன். மேகம் இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. என்ன செய்வதென்று கேட்க யாரும் இல்லை. துண்டை விலக்கி, குனிந்து பார்த்தேன். அது விட்ட மூச்சில் பூண்டு மணந்தது. எங்கள் வீட்டு மணம்.

திரும்பி உள்ளே போனேன். "சார், பூண்டு குடுத்தேன். ரெண்டு நாளா. ஆறு தடவை."

"எம்.எஸ்சி.ல இதைச் சொல்லித் தரலையா டீச்சர்?" என்றார். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. "சரி, திரும்பி வந்தீங்கள்ல. படுக்க வைங்க. டிரிப் ஏத்தணும்."

நான்கு நாள் போய்வந்தோம். நான்காம் நாள் சாயங்காலம், வெதுவெதுப்பான மீன் தண்ணீரில் விரலைத் தோய்த்து நீட்டினேன். முகர்ந்தது. நக்கியது. பிறகு ஒரு துண்டு மீனும் தின்றது. இதைப் போனில் சொல்வதற்கும் அம்மாதான் இருந்தாள்.

"பாத்தியா, பூண்டு கேட்டுருச்சு!" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டரிடம் சொன்னதுபோல் அம்மாவிடமும் பொய் சொன்னதாக ஆகிவிடுமோ என்றோ என்னவோ, சொல்லிவிட்டேன். "இல்லம்மா. பூனைக்குப் பூண்டு ஆகாதாம். அதுலதான் சாகக் கெடந்துச்சு."

அதுவரை போனில் கேட்டுக்கொண்டிருந்த, அவள் அடுப்பு ஊதும் சத்தம் நின்றது.

"எனக்கு என்னத்தா தெரியும்? படிச்சவ நீதான. நீயாவது பாத்துருக்கலாம்ல," என்றாள். கோபமில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "சரி, சோலி கெடக்கு," என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பை வந்தது. கேரட், பீன்ஸ், நாலு முட்டைக்கோஸ். அடிவரை கொட்டிப் பார்த்தேன். பூண்டு இல்லை. பூனை காலிப் பைக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு மூலையாக முகர்ந்துகொண்டிருந்தது.